எல்லாரும் சுகமாம்

மாமி எங்கேயோ சிரித்துவிட்டார் என்பது எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் முதலில் தெரியவரும்.

"அண்ணை, சுகமா இருக்கிறியளோ?"

"நான் சுகம்தான் தங்கச்சி. இண்டைக்கு எங்கை சிரிச்சனீ?" என்பார் அப்பா.

ஏதோ பெரிய தூரத்திலிருந்து வரும் அழைப்பு என்று நினைக்கவேண்டாம். ஒஸ்லோவின் ஓரத்தில், புருசெத்தில், எங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்துத் தொடர்மாடியில்தான் மாமி இருந்தார். அப்பாவின் ஒரே தங்கை. எங்கள் குசினி யன்னலில் நின்றால் அவருடைய குசினி வெளிச்சம் தெரியும். அப்பா அங்கே நின்று கையைக் காட்டினாலும் மாமிக்குப் போதாது. வாயால் "சுகம்" என்று சொல்லவேண்டும்.

கூடச் சிரித்தால் அழவேண்டி வரும் என்று எங்கள் சனம் சொல்லும். எல்லா வீட்டிலும் சொல்வதுதான். பிள்ளைகள் கட்டிலில் துள்ளிக் கெக்கட்டமிடும்போது அதட்டுவதற்குச் சொல்லிவிட்டு அடுத்த நிமிடமே மறந்துவிடுவார்கள். மாமி மறக்கவில்லை. தான் மனம்விட்டுச் சிரித்தால் அதற்கு யாரோ ஒரு சொந்தக்காரர் உயிரால் ஈடு கட்டவேண்டும் என்று உண்மையாகவே நம்பினார். அதனால் சிரித்த கையோடு எல்லோருக்கும் தொலைபேசியில் கோல் எடுப்பார். முதலில் அப்பா. பிறகு நோர்வேயின் வடக்குக் கோடியில், ஹம்மர்பெஸ்டிலிருக்கும் பெரியப்பா. அதன்பிறகு லண்டன், ரொறொன்ரோ, கொழும்பு. ஒருவர் எடுக்காவிட்டால் எடுக்கும்வரை விடமாட்டார். பெரியப்பா அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை. "இஞ்சை கத்தியோடை நிக்கிறன் தங்கச்சி, செத்தது மீன்தான், நான் இல்லை" என்று அவர் கத்துவது கைபேசிக்கு வெளியேயும் கேட்கும்.

எல்லோரும் எடுத்தபிறகு மாமி ஒரு மூச்சு விடுவார். "எல்லாரும் சுகமாம்." அதற்குப் பிறகுதான் சாப்பாட்டில் கை வைப்பார். பிறந்தநாள் வீடுகளில் அவருடைய கேக் துண்டு அப்படியே காய்ந்துகொண்டிருக்கும். கொழும்பு அழைப்பு எடுபடவேண்டுமே.

கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கலியாண வீட்டிலை மணப்பொம்பிளை எவ்வளவு சிரிக்கவேணும் தெரியுமே? ஊரிலை ஒருத்தரும் மிஞ்சாயினம்" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் முகத்தில் பகிடி இல்லை.

சிரிக்கத் தெரியாத மனிசி என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் கொடுமை. மாமியைப்போல் சட்டென்று சிரிப்பு வரும் ஒருவரை நான் இன்றுவரை கண்டதில்லை. உடம்பு முழுக்கக் குலுங்கும், கண்ணால் தண்ணீர் ஓடும், பிறகு நினைவு வந்ததும் கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு "காணும், காணும்" என்பார். யாரோ தட்டில் சோற்றை அள்ளி அள்ளிப் போடும்போது மறிப்பதுபோல.

எனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். நகர நடுவே குரோன்லாண்டில் தமிழ்க்கடைக்குப் போய்விட்டு நிலக்கீழ் ரயிலில் வந்துகொண்டிருந்தோம். மாமியின் பையில் கருவாடு. எதிரே ஒரு நோர்வீஜியக் கிழவர், பெரிய நாயொன்றுடன். நாய் எழும்பி வந்து மாமியின் காலடியில் குந்தி, கண்ணெடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கருவாட்டு மணம் கிழவருக்கு எட்டவில்லைபோலும். கண் கலங்கிவிட்டார். "என் மனைவி போனபிறகு இவன் ஒருவரிடமும் இப்படிப் பாசமாக இருந்ததில்லை" என்றார். மாமி மரியாதையாகத் தலையாட்டினார். நாய் ஒரு பெருமூச்சு விட்டுப் பைக்குமேல் தலையை வைத்தது. அவ்வளவுதான். மாமிக்கு அடக்க முடியவில்லை, எனக்கும் முடியவில்லை, கிழவரும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

அடுத்த நிலையத்தில் மாமி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். சுரங்கத்துக்குள் கைபேசி சரியாக வேலை செய்யாதாம். உறைபனியில், வெளியே மதிலோரம் நின்று, கையுறையைப் பல்லால் கழற்றி, ஒவ்வொருவராக அழைத்தார். எனக்குக் கால்விரல்கள் விறைத்துப்போயின. விசர் மனிசி என்று அன்றைக்கு மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

பாலர் பாடசாலையில் வேலை செய்தார். நாள் முழுக்கச் சின்னப்பிள்ளைகள். "அங்கை சிரிப்பு வராதோ மாமி?" என்று மடக்கினேன்.

"சின்னப்பிள்ளையளோடை சிரிக்கிறது கணக்கிலை வராது" என்றார். அந்தச் சலுகையை அவருக்கு யார் கொடுத்தது என்று தெரியாது. அது இல்லாவிட்டால் மனிசி உயிரோடு இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

அம்மா இறந்தபோது நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தோம். அதன்பிறகு எங்கள் வீட்டை மாமிதான் பாதி நடத்தினார். ஒருநாள் கோப்பை கழுவிக்கொண்டு நிற்கும்போது, தண்ணீரை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "கொம்மா போனதுக்கு முதல்நாள் நான் ரீவியிலை ஒண்டைப் பாத்து நல்லாச் சிரிச்சுப்போட்டன் பிள்ளை. கோல் எடுக்க மறந்துபோனன்."

அம்மாவுக்குப் புற்றுநோய். இரண்டு வருடமாக எல்லோருக்கும் தெரிந்த முடிவு. அதைச் சொன்னேன். மாமி தலையாட்டினார். நான் சொன்னது அவருக்குள் போகவேயில்லை.

எங்கள் வீட்டில் நல்லது எது நடந்தாலும் மாமி அதை ஒருவருக்கும் சொன்னதில்லை. சுகம் மட்டும்தான் விசாரிப்பார். எனக்கு மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்த அன்று கோல் வந்ததும் லண்டனிலும் ரொறொன்ரோவிலும் தாங்களாகவே விளங்கிக்கொண்டு அப்பாவுக்குப் போன் அடித்து, "என்ன நல்ல செய்தி?" என்று கேட்டார்கள்.

அப்பா மாமியிடம் கேட்பது ஒன்றேயொன்றுதான். எந்தக் கொண்டாட்டம் என்றாலும், சாப்பாடு முடிந்து சனம் சாய்ந்து உட்கார்ந்ததும், "தங்கச்சி, ஒரு பாட்டுப் பாடன்" என்பார்.

"தடிமன் அண்ணை. தொண்டை கட்டியிருக்கு."

இருபது வருடத்துக்கு மேலாக அதே தடிமன். "நோர்வேயிலை மாறாத தடிமன் இது ஒண்டுதான்" என்று அப்பா எல்லோரையும் சிரிக்கவைப்பார். அவர் மட்டும் சிரிக்கமாட்டார். அது ஏன் என்று ஒரு கிறிஸ்மஸ் விடுமுறையில், யாருடையவோ வீட்டிலிருந்து பனிக்குள் நடந்து வரும்போதுதான் எனக்குச் சொன்னார்.

மாமி பள்ளிக்கூடத்தில் பெயர்பெற்ற பாட்டுக்காரியாம். ஒரு பரிசளிப்பு விழாவில் முருகன்மேல் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு நின்றிருக்கிறார். அந்த நேரம் வீட்டில் அவர்களுடைய தகப்பன், அப்பு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, அப்படியே போய்விட்டார். அப்பா சைக்கிளை மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். நேரே மேடையில் ஏறி, பாடிக்கொண்டு நின்ற தங்கையின் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாமி வாசல்வரைக்கும் சிரித்துக்கொண்டுதான் வந்தாராம். பரிசு தரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து.

"நான் அந்தப் பாட்டு முடியுமட்டும் நிண்டிருக்கலாம் மகள்" என்றார் அப்பா. "ரண்டு நிமிசம். ரண்டு நிமிசத்திலை என்ன குடி முழுகிப்போகும்? மனுசன் எப்பிடியும் போயிட்டார். எனக்கு அந்த அறிவு இருக்கேல்லை."

அதற்குப் பிறகு வீடு வரும்வரை எனக்கு முன்னால் விரைந்து நடந்தார்.

மாமியின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவரை ஒரு கிரேக்கத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று நானும் அப்பாவும் சேர்ந்து முடிவெடுத்தோம். அந்த வசந்தத்தில் அப்பாவுக்கு இருதயத்தில் குழாய் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து, நடந்து திரிந்து, தம்பியோடு ரீவியில் உதைபந்து பார்த்துச் சத்தம் போடும் அளவுக்குத் தேறியிருந்தார். பிளேனில் மட்டும் இப்போதைக்கு ஏறவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பயணத்தைத் தள்ளிவைப்போம் என்றேன். ஏசினார்.

"தம்பி இருக்கிறான்தானே? நான் என்ன தொட்டில் பிள்ளையே? போங்கோ. நீ ஒண்டுமட்டும் செய். அவளை ஒரு பாட்டுப் பாட வைச்சு, அதைப் போனிலை பிடிச்சுக்கொண்டு வா. வேறை ஒரு சாமானும் எனக்கு வேண்டாம்."

சரி என்றேன். போனேன். போயிருக்கக்கூடாது என்று எத்தனையோ தரம் நினைத்துவிட்டேன். போகாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிராது. ஆனாலும் நினைப்பு நிற்பதில்லை.

தீவில் துறைமுகத்தை ஒட்டி ஒரு கல்வீடு. அதுதான் பாட்டு நடக்கும் மதுக்கடை. முன்னால் நீல நாற்காலிகள், திராட்சைக்கொடிப் பந்தல், பந்தலின்கீழ் மூன்று வாத்தியக்காரர்கள். ஒருவர் கையில் புசூக்கி என்ற நீளக்கழுத்து வாத்தியம். வெயில் சாயத் தொடங்கியதும் பாட்டு ஆரம்பமாகும். மதுக்கடை என்பதால் மாமி வாசலில் தயங்கினார். "இது பார் எல்லே பிள்ளை?" என்று கேட்டார். சனத்தோடு சனமாக ஐந்தாறு சின்னப்பிள்ளைகள் ஓடித் திரிவதைக் கண்டபிறகுதான் உள்ளே வந்தார். ஆளுக்கொரு எலுமிச்சைச் சாறு எடுத்தோம்.

கடைக்காரி பருத்த, உரத்த குரலுள்ள பெண். அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார். இடையிடையே வாத்தியத்தை நிறுத்தி, வந்திருக்கும் ஒவ்வொரு நாட்டுக்காரரையும் எழுப்பி ஒரு பாட்டுப் பாடச் சொல்வார். ஒரு டென்மார்க்காரர் பாடினார். இரண்டு இத்தாலியப் பெண்கள் பாடினார்கள். "நோர்வே?" என்று கத்தினார். நான் உசாரில் கையைத் தூக்கிவிட்டேன். எங்களுக்குப் பின்னாலிருந்தும் இரண்டு கைகள் எழும்பின. துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்த வயதான கணவனும் மனைவியும். கடைக்காரி அவர்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இதில் எது நோர்வே?" என்றார். கடையே சிரித்தது. நாங்களும்தான்.

இன்றைக்கு மாமியின் பிறந்தநாள் என்று நான் அந்தத் தம்பதிக்குச் சொன்னேன். அவர்கள் உடனே எழும்பி நோர்வீஜியப் பிறந்தநாள் பாட்டைத் தொடங்கினார்கள். அந்தப் பாட்டுச் சும்மா பாடுகிற பாட்டில்லை. குனியவேண்டும், தலையாட்டவேண்டும், சுற்றவேண்டும், துள்ளவேண்டும். கிழவருக்கு ஒழுங்கு பிழைத்துப்போயிற்று. துள்ளவேண்டிய இடத்தில் குனிந்தார். பாலர் பாடசாலையில் வாரத்துக்கு மூன்று பிறந்தநாள் நடத்திய மாமிக்கு அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமோ? எழும்பிப்போய் அவருக்கு முன்னால் நின்று, "இப்பிடி, இப்பிடி" என்று செய்துகாட்டத் தொடங்கினார். குனிந்தார், சுற்றினார், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துள்ளினார். இத்தாலியப் பெண்களும் எழும்பித் துள்ளினார்கள். கடைக்காரியும் துள்ளினார். மேசைமேலிருந்த கிளாசுகள் ஆடின.

மாமி சிரித்தார். நான் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் கண்டதில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணீர் வடிய, தொண்டையைப் பிடிக்கவும் மறந்து சிரித்தார்.

பிறகு நினைவு வந்தது. "காணும், காணும்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார். இதை நான் எதிர்பார்த்ததுதான். இன்றைக்கு ஹம்மர்பெஸ்ட் பெரியப்பா என்ன பகிடி விடப்போகிறாரோ என்று நினைத்தபடி இத்தாலியப் பெண்களோடு ஆடப்போனேன்.

வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். முன்தலை மயிர் ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது.

"என்ன மாமி, ஒருத்தரும் எடுக்கேல்லையோ?"

"எடுத்தவை" என்றார். என் தலையைத் தடவினார். "எல்லாரும் சுகமாம்."

அப்படியே கொஞ்சநேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வியர்த்து, மூச்சு வாங்கி, வாயெல்லாம் பல். பிறகு கடைக்காரியிடம் போய்த் தன்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கடைக்காரி கையைத் தட்டி எல்லோரையும் அடக்கினார்.

மாமி பந்தலின்கீழ் நின்று கையைக் கட்டிக்கொண்டு பாடத் தொடங்கினார். முருகன்மேல் ஒரு பாட்டு. புசூக்கிக்காரர் முதல் இரண்டு வரியும் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, சுருதியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் வந்தார். நான் கைபேசியை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினேன். அவ்வளவு சந்தோசம். அப்பா கேட்டது கிடைத்துவிட்டது. அதுவும் நான் ஒரு வார்த்தை கெஞ்சாமல்!

மூன்றாவது அடியில் மாமி நின்றுவிட்டார். பந்தலின் ஓரத்தை, ஆள் ஏறிவருகிற பக்கத்தை, திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. வரிகளை மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"விடாதேங்கோ மாமி! பாடுங்கோ!" என்று கத்திவிட்டுச் சிரித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். விட்ட இடத்திலிருந்து எடுத்து, கடைசி வரைக்கும் பாடி முடித்தார். அந்தத் துறைமுகத்தில் ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கியிராது. ஆனாலும் எழும்பி நின்று தட்டினார்கள்.

படத்தை அந்த இடத்திலேயே அப்பாவுக்கு அனுப்பினேன். அத்தோடு விட்டேனா? வாயும் கையும் சும்மா இருக்காமல், சொந்தக்காரர் எல்லோரும் இருக்கிற குழுவுக்கும் போட்டேன். மாமி பக்கத்தில்தான் நின்றார். பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

பிறகு இன்னொருதரம் வெளியே போய்விட்டு வந்தார். எனக்கு மீனும் பாண் துண்டும் எடுத்துத் தந்தார். மீனில் முள் எடுத்து என் தட்டில் வைத்தார். நான் முழுவதையும் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தார். சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருக்கும்போது, தங்கியிருந்த இடத்துக்கு நடக்கும் வழியில், ஒரு மதிலில் என்னை இருத்தினார்.

"அப்பா போயிட்டார் பிள்ளை. பின்னேரம் நெஞ்சு நொந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவை. தம்பி பக்கத்திலைதான் நிண்டவன். விடியத்தான் பிளேன் இருக்கு. இடம் எடுத்துப்போட்டன்."

இடம் எப்போது எடுத்தார் என்று கேட்கும் புத்தி அன்றைக்கு எனக்கு இருக்கவில்லை.

ஒஸ்லோவில் எரித்துவிட்டு வந்து, சனம் எங்கள் வீட்டில் இருந்தது. யாருமே மாமியோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலாது. நான் குழுவுக்குப் போட்ட படத்தை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அண்ணன் பிணமாகக் கிடக்க, தங்கச்சி பாரில் நின்று பாட்டுப் பாடுகிறாள். சனத்துக்கு இது போதாதோ?

ஹம்மர்பெஸ்ட் பெரியப்பா நல்ல மனிதர். அந்தப் பேச்சை நிறுத்தவேண்டும் என்றுதான் எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்: "தங்கச்சி, நீ பாடேக்கை உனக்கு அது தெரியாதுதானே?"

"இல்லை" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் காரியம் முடிந்தது.

"தெரியும்" என்றார் மாமி. "கோல் எடுத்தனான். தம்பிதான் அண்ணையின்ரை போனை எடுத்துச் சொன்னவன். அக்காவுக்குப் போன் அடிக்காதை, நான் சொல்லுறன் எண்டு அவனிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போய்ப் பாடினனான்."

யாரோ ஒரு கிழவி "சிவ சிவா" என்றார். அந்த மதிலில் இருந்து நான் பின்னோக்கிப் போய்ப்போய், எலுமிச்சைச் சாறுவரை எல்லாவற்றையும் மறுபடி பார்க்கவேண்டியிருந்தது. நான் கத்தியதை. சிரித்ததை. மீனைத் தின்றதை.

"எனக்கு ஏன் மாமி சொல்லேல்லை? என்ரை அப்பா எல்லே?"

"நீ சிரிச்சுக்கொண்டு நிண்டாய்" என்றார். குரல் உயரவில்லை. "சிரிச்சுக்கொண்டு நிக்கேக்கை கையைப் பிடிச்சு இறக்கினால் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. பிறகு ஆயுசுக்கும் சிரிக்க ஏலாது. அண்ணைக்கும் அது தெரியும். ஒரு பாட்டு முடியுமட்டும் நிக்கேல்லையே எண்டு அந்த மனுசன் சாகுமட்டும் வேதனைப்பட்டது. அதுதான் நான் நிண்டனான். பாட்டு அவருக்கு. பிழை எண்டால் பிழைதான்."

அப்போது மூலையிலிருந்த தம்பி வாயைத் திறந்தான். அதிகம் கதைக்கிற பிள்ளையில்லை அவன்.

"பாட்டு அப்பாவின்ரை போனுக்கு வந்தது மாமி. நர்ஸ் வந்து யன்னலைத் திறந்துவிட்டுப் போனவ, இஞ்சை அப்பிடித்தானே, ஆள் போனால் திறந்துவிடுவினம். அப்பதான் அது வந்தது. நான் அவரின்ரை காதடியிலை வைச்சனான்."

மாமி எழும்பி அவனிடம் போனார்.

"முழுக்கக் கேட்டவரோ தம்பி?"

"ஓம் மாமி. கடைசிமட்டும்."

மாமி தலையை ஆட்டினார். பிறகு குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினார். பெரியப்பா எழும்பிப்போய்ப் பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மாமியிடமிருந்து சுகம் கேட்டுக் கோல் வந்ததே இல்லை. கலியாண வீடுகளில் சிரித்தார், கேக்கை வெட்டிய கையோடு சாப்பிட்டார். இரண்டொருவர் அவரோடு கதைக்காமலே விட்டுவிட்டார்கள். அதை அவர் பெரிதாக எடுக்கவில்லை. எனக்குத்தான் ஏலாமல் இருந்தது. அந்தப் படத்தைக் குழுவுக்குப் போட்ட விரல் என்னுடையதுதானே. அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையிலேயே ஆகச் சந்தோசமான பின்னேரம் எது என்று கேட்டால், இன்றைக்கும் எனக்கு நினைவு வருவது அந்தத் துறைமுகம்தான். அப்பா செத்துக்கிடந்த பின்னேரம். எவ்வளவு முயன்றும் அதை என்னால் வெறுக்க முடியவில்லை. மாமி எனக்காகப் பிடித்துவைத்துத் தந்தது அது.

போன மாரிக்குளிரில் மாமியும் போய்விட்டார். ஒரு காலை நேரம், ஆஸ்பத்திரியில், நானும் தம்பியும் பக்கத்தில் நிற்க. நர்ஸ் வந்து யன்னலைத் திறந்துவிட்டுப் போனார். குளிர் உள்ளே வந்தது. தம்பி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அண்டைக்கு நான் முழுக்கப் போடேல்லை."

எனக்கு விளங்கவில்லை.

"அப்பாவுக்கு. பாதியிலை நிப்பாட்டிப்போட்டன். மாமி ஒருக்கா நிக்கிறா எல்லே, அதிலை உன்ரை சத்தம் கேட்டது. நீ சிரிச்சாய். எனக்கு ஏலாமல் போச்சு. மாமி கேட்டவுடனை பொய் சொல்லிப்போட்டன். இவ்வளவு காலமும் அவவின்ரை முகத்தைப் பாக்க…"

முப்பத்தைந்து வயது மனிதன், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனை நிறுத்தவைத்தது என் சிரிப்பு.

கைபேசியை எடுத்தேன். அந்தப் படத்தை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. தேடி எடுத்து, மாமியின் காதடியில் தலையணைமேல் வைத்தேன்.

புசூக்கி கேட்டது. மாமியின் குரல், தடிமன் இல்லாத குரல், அந்த அறைக்குள் வந்தது. மூன்றாவது அடியில் நின்றது. "விடாதேங்கோ மாமி! பாடுங்கோ!" நான் சிரித்தேன். தம்பியின் கை கைபேசிப் பக்கம் நீண்டது. நான் பிடித்துக்கொண்டேன். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவனும் இழுக்கவில்லை.

மாமி பாடினார். விட்ட இடத்திலிருந்து எடுத்து, கடைசி வரைக்கும். கைதட்டல் கேட்டது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. நான் கைபேசியை நிறுத்த மறந்திருக்கிறேன். மாமி நெருங்கி வருகிறார், வாத்தியச் சத்தத்துக்குள் அவருடைய மூச்சு வாங்குவது கேட்கிறது.

"காணும் பிள்ளை. காணும். அப்பாவுக்கு அனுப்பு."